தரமணியிலிருந்து சாங்வோனுக்கு: சம்பளம் கையில் மிஞ்சும் கொரிய ஊர்

கொரியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால், பாதிப் பேர் தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்கிறார்கள். சியோல் இல்லையே என்ற குறை அவர்களுக்கு. உல்சான், சாங்வோன், கூமி, கோஜே என்று ஏதோ ஓர் ஆலை ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, ‘போகலாமா, வேண்டாமா?’ என்று கேட்கிறார்கள். போகலாம். பணம் சேர்க்கவும் தொழில் கற்கவும் போகிறவருக்கு சியோலைவிட அந்த ஊர்கள்தான் நல்லவை. ஆனால் அங்கே ஆங்கிலத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது. செலவு குறைந்த ஊரின் லாபம் உங்கள் கையில் நிற்குமா என்பது, கிளம்புவதற்கு முன் தரமணியில் நீங்கள் செய்து முடிக்கும் சில வேலைகளைப் பொறுத்தது.

தரமணியைச் சொல்லக் காரணம் உண்டு. கொரியாவுக்குப் போகக்கூடிய எல்லா வகை ஆட்களும் இந்த ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள். மத்திய பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர், எஸ்.ஆர்.பி. டூல்ஸ் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறவர், கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலோ ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவிலோ ஆராய்ச்சி செய்கிறவர், டைடல் பார்க்கில் மென்பொருள் எழுதுகிறவர். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998இல் சான்ட்ரோவை வெளியே விட்டதிலிருந்து அதன் உதிரிபாகக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. அங்கே கொரிய மேலாளருக்குக் கீழே வேலை பழகியவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த படி, அந்தக் கம்பெனியின் தாய் ஊருக்குப் போவதுதான்.

எல்லா ஊரையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. சாங்வோனை எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் எப்படி?

கொரியாவின் தென்கோடியில், பூசானுக்கு மேற்கே இருக்கிறது சாங்வோன். 1974இல் இயந்திரத் தொழிலுக்கென்றே அரசு அங்கே தேசியத் தொழிற்பேட்டை அமைத்தது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை முன்மாதிரியாக வைத்து, கோடு போட்டுத் திட்டமிட்ட ஊர். சாங்வோன்டேரோ என்ற அகன்ற சாலை நேராக ஓடுகிறது. அதன் ஒருபுறம் ஆலைகள், மறுபுறம் வீடுகள். 1983இல் தென் கியோங்சாங் மாகாணத்தின் தலைமையகம் பூசானிலிருந்து இங்கே மாறியது. 2010இல் பக்கத்திலிருந்த மாசானும் ஜின்ஹேயும் இதோடு இணைக்கப்பட்டன. இன்று மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம்.

ஹூண்டாய் ரோட்டெம் இங்கே ரயில் பெட்டியும் டாங்கியும் செய்கிறது. டெல்லி மெட்ரோவின் தொடக்ககாலப் பெட்டிகளில் ரோட்டெமின் கைவண்ணம் உண்டு. ஹன்வா ஏரோஸ்பேஸ் கே-9 பீரங்கியைச் செய்கிறது. இந்திய ராணுவத்தின் வஜ்ரா அந்த வடிவமைப்பில் எல் அண்ட் டி கட்டியதுதான். தூசான் எனர்பிலிட்டி மின்நிலைய இயந்திரங்களும், எல்.ஜி. வீட்டுச் சாதனங்களும், ஹூண்டாய் வியா வாகன பாகங்களும் இங்கே செய்கின்றன. வியாவின் கிளை நம் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு மின்தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் பொருளறிவியல் நிறுவனமும் இதே ஊரில் உண்டு. எந்திரவியல், உலோகவியல், மின்னியல் படித்தவருக்கு இவ்வளவு வாய்ப்பு ஒரே ஊரில் கிடைப்பது அரிது.

மற்ற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாக. உல்சானில் ஹூண்டாயின் மிகப் பெரிய கார் ஆலையும் கப்பல் கட்டும் தளமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உண்டு. சம்பளம் உயர்வு, செலவும் சற்று உயர்வு. போஹாங்கில் போஸ்கோ எஃகு ஆலையும் போஸ்டெக் பல்கலைக்கழகமும் இருப்பதால் இந்திய ஆராய்ச்சி மாணவர்கள் அதிகம். கூமி மின்னணுத் தொழில் ஊர், வாடகை மலிவு, மாலையில் போக இடம் குறைவு. கோஜே தீவு முழுக்கக் கப்பல். ஆர்டர் வந்தால் ஊர் நிறையும், ஆர்டர் வறண்டால் வெறிச்சோடும். கோஜேவுக்குப் போகிறவர் ஒப்பந்தக் காலத்தைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

விசா எழுத்தை முதலில் பாருங்கள்

கொரிய விசாவில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதுதான்.

ஈ-9 என்பது ஆலைத் தொழிலாளர் விசா. 2004இல் தொடங்கிய அரசு வழித் திட்டம் இது. கொரியாவோடு ஒப்பந்தம் போட்ட நாட்டவருக்கு மட்டுமே கிடைக்கும். பட்டியலில் இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் உண்டு. இந்தியா இல்லை. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் ‘ஈ-9 வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு’ என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் அடுத்த வார்த்தை பேச வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதே வலைதான். இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. அவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக, கொரிய மொழித் தேர்வு எழுதிப் போகலாம்.

இந்தியருக்கு முறையான வழி ஈ-7. பட்டமும் அனுபவமும் உள்ள பொறியாளருக்கு ஒரு பிரிவு, கப்பல் கட்டும் தளத்து வெல்டர் போன்ற குறிப்பிட்ட கைத்தொழில்களுக்கு இன்னொரு பிரிவு. இதற்குக் கொரிய அரசு குறைந்தபட்சச் சம்பளம் அறிவிக்கிறது. அதற்குக் கீழே ஒப்பந்தம் இருந்தால் விசா கிடைக்காது. ஆராய்ச்சியாளருக்கு ஈ-3, மாணவருக்கு டி-2. இங்குள்ள கொரியக் கம்பெனி பயிற்சிக்கு அனுப்பினால் டி-3 ஆக இருக்கலாம். டி-3யில் போகிறவர் மூன்றே விஷயம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: சம்பளம் யார் தருகிறார், அங்கே தினப்படி எவ்வளவு, திரும்பியபின் எத்தனை வருட பாண்டு. வாய்ப்பேச்சில் ‘பார்த்துக்கலாம்’ என்றால் கையெழுத்து வேண்டாம்.

ஈ-7 உங்களை ஒரு முதலாளியோடு கட்டிப்போடும். வேலை மாற வேண்டுமானால் குடியேற்றத் துறையின் விதிப்படிதான் மாற முடியும். அதனால் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சிறிய கம்பெனியில் சேராதீர்கள். அந்தக் கம்பெனி யாருக்குப் பாகம் தருகிறது, இதற்கு முன் வெளிநாட்டவரை வைத்திருந்ததா என்று விசாரியுங்கள். ஏஜென்ட் வழியாகப் போவதானால், அவர் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில்தான் இருக்கிறது. தரமணியிலிருந்து எட்டிவிடும் தூரம். போய்க் கேட்பதற்குக் காசு இல்லை.

பெயர்

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முருகன் மகன் கார்த்திக் பள்ளிச் சான்றிதழில் ‘மு. கார்த்திக்’, பட்டச் சான்றிதழில் ‘கார்த்திக் மு’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் முருகன்’ அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலியாக வெறும் ‘கார்த்திக்’. ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கொரியாவில் வங்கிக் கணக்கு, கைப்பேசி, வெளிநாட்டவர் அடையாள அட்டை மூன்றிலும் ஆங்கில எழுத்து, இடைவெளி, வரிசை எல்லாம் ஒத்துப்போனால்தான் செயலிகளில் ‘நான்தான் இவர்’ என்று நிரூபிக்க முடியும். அது நடக்காவிட்டால் இணையத்தில் பொருள் வாங்குவதும் வரிக் கணக்கைப் பார்ப்பதும் ஒவ்வொன்றும் ஒரு படியேற்றமாகிவிடும்.

ஆகவே விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டு, அதே வடிவத்தை ஒப்பந்தத்திலும் மருத்துவச் சான்றிலும் போலீஸ் சான்றிதழிலும் கொண்டுவாருங்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றை இங்கேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். நீண்ட கால விசாவுக்கு இந்தியர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தர வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வேலைக் கடிதம் வந்த அன்றே தொடங்குவதுதான் சரி.

மொழியை இங்கேயே தொடங்குங்கள்

ஆலை ஊரில் மேலாளர் ஆங்கிலம் பேசலாம். பக்கத்து மெஷினில் நிற்பவர் பேச மாட்டார். வீட்டுத் தரகர், பல் மருத்துவர், கேஸ் ரீடிங் எடுக்க வருபவர், இவர்கள் யாரும் பேச மாட்டார்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பி வாழ்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் பதவி ஏறாது, நட்பும் கிடைக்காது. விடுமுறை நாளெல்லாம் அறைக்குள்ளே வீடியோ காலில் கழியும். அந்தத் தனிமையால் நல்ல வேலையை விட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வாடகையில் மிச்சமாகும் காசைவிட அது பெரிய இழப்பு.

தமிழருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு, அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். கொரிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். மரியாதை வினையின் முடிவிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் வாக்கியம் தானாக அமையும். எழுத்தில் அடிப்படை 24. ஒரு வாரம் உட்கார்ந்தால் பலகை படிக்க வந்துவிடும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் 2006இல் தொடங்கிய இன்கோ மையம் கொரிய வகுப்பு நடத்துகிறது. தரமணியிலிருந்து வேலை முடிந்து போய்வரக்கூடிய தூரம்தான். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் முதல் தாள் 200 மதிப்பெண்ணுக்கு. அதில் 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. கிளம்பும்போது இரண்டாம் நிலை கையில் இருந்தால் வாழ்க்கையே வேறு. மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். அங்கே போனபின் நீதித்துறை அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்பு வகுப்பில் சேருங்கள். பின்னால் நீண்ட கால விசாவுக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்கும்போது அந்த வகுப்புச் சான்று கைகொடுக்கும்.

அறை

கம்பெனி விடுதி தந்தால் முதல் சில மாதம் அங்கேயே இருங்கள். ஊரைப் புரிந்துகொண்டு பிறகு வெளியே வாருங்கள். தனியாள் எடுப்பது ‘ஒன்ரூம்’: ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல் மேடை, தனிக் குளியலறை. பெரும்பாலும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அறையோடு வரும். சாங்வோனில் இதன் மாத வாடகை பொதுவாக 3 முதல் 5 லட்சம் வொன். இன்றைய மாற்று விகிதத்தில் ஒரு லட்சம் வொன் சுமார் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வொன் வரை கேட்பார்கள். அட்வான்ஸைக் கூட்டிக் கொடுத்தால் வாடகையைக் குறைப்பார்கள், இந்தப் பேரம் அங்கே சகஜம். சியோலில் இதே அளவு அறைக்கு வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு, அட்வான்ஸ் அதைவிட அதிகம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகியவருக்குக் கொரிய முறை பயமுறுத்தாது.

வாடகைக்கு மேல் ‘குவல்லிபி’ என்ற பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதில் தண்ணீர், இணையம் சேருமா என்று முன்பே கேளுங்கள். கேஸ் தனி. தரையடிச் சூடாக்கம் ஒண்டோல் என்பது ஜனவரியில் வரம். ஆனால் இரவு முழுக்க முழு வேகத்தில் ஓடவிட்டால் அந்த மாதக் கேஸ் பில் வாடகையைத் துரத்தும். சாங்வோன் தெற்கே கடலோரத்தில் இருப்பதால் சியோல் அளவு குளிர் இல்லை. ஆனாலும் குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.

ஜோன்செ என்று ஒரு முறை உண்டு. மாத வாடகையே கிடையாது, பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து வைத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவது. 2022, 2023இல் இதில் பெரிய மோசடிகள் வெளியாகி, கொரிய இளைஞர்களே வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாத வாடகை எடுத்தாலும் ‘தெங்கிபு’ நகலைத் தரகரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம் வில்லங்கச் சான்றிதழ் செய்யும் வேலையை அது செய்கிறது: வீடு யார் பெயரில், எவ்வளவு கடன் அடமானம் என்று காட்டும். உரிமையாளரின் பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத்தில் அரசு அலுவலகத் தேதி முத்திரையும் வாங்கிவிடுங்கள். வீடு ஏலத்துக்குப் போனால் உங்கள் அட்வான்ஸுக்கு முன்னுரிமை கிடைப்பது அந்த முத்திரையால்தான். இதற்கான செலவு அற்பம். செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

எந்தப் பகுதி? சாங்நாம்தோங்கில் கடையும் உணவகமும் நிறைய, ஐந்து நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும், இரவெல்லாம் சத்தமும் உண்டு. பால்யோங்தோங் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகம், குடியேறியோர் உதவி மையமும் அங்கே இருக்கிறது. முதல் வருடத்துக்கு நான் சொல்வது பால்யோங்தோங். பழைய துறைமுக ஊரான மாசானில் அறை மலிவு. 1970இல் ஏற்றுமதி மண்டலம் வைத்து வளர்ந்த ஊர் அது, இப்போது மெலிந்திருக்கிறது. அங்கே எடுப்பதானால் கடற்கரையோரத் தாழ்ந்த தெருவில் தரைத்தளம் வேண்டாம். 2003 செப்டம்பரில் மேமி புயலில் கடல் ஏறி அந்தப் பகுதி மூழ்கி உயிர்கள் போயின. 2015லும் 2023லும் சென்னை வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊரில் மெட்ரோ கிடையாது. பஸ் உண்டு, 2008இலிருந்து நூபிஜா என்ற பொதுச் சைக்கிள் திட்டமும் உண்டு. சாலை சமதளம், சைக்கிள் பாதை தனி. ஆலைக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அறை எடுத்தால் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய இல்லை.

சாப்பாடு

அரிசி நாடுதான், ஆனால் ஒட்டும் அரிசி. பெரிய ஆலைகளில் மதியச் சாப்பாடு கம்பெனியே போடும். அசைவம் சாப்பிடுகிறவருக்குப் பெரிய பிரச்சினை வராது. சைவக்காரர் தயாராகப் போக வேண்டும். கிம்ச்சியில் மீன் அல்லது இறால் சாறு இருக்கும், காய்கறிச் சூப்பிலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது, மீனையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். பருப்பு, மிளகாய்த்தூள், நீள அரிசிக்கெல்லாம் பக்கத்து ஊரான கிம்ஹேயின் தோங்சாங்தோங் சந்தைத் தெருவுக்குப் போங்கள். தெற்காசியக் கடைகள் அங்கே உண்டு. இந்தியாவின் அயுத்த நாட்டிலிருந்து கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஹோ அரசியின் சமாதி அதே கிம்ஹேயில்தான் இருக்கிறது. நம்மவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம்.

குளிரில் இட்லி மாவு புளிக்காது என்று கவலைப்படாதீர்கள். பாத்திரத்தைத் துணி சுற்றி ஒண்டோல் தரையில் வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

ஆலைக்குள்

பெயர் சொல்லி யாரையும் கூப்பிடக்கூடாது. தேரி, குவாஜாங், சாஜாங், புஜாங் என்று பதவியோடு ‘நிம்’ சேர்த்துக் கூப்பிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் பழகியவருக்கு இது தெரிந்திருக்கும். வேகம் எதிர்பார்ப்பார்கள். பிரச்சினையைத் தானே தீர்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நம்மவர்கள் காத்திருப்பது அங்கே எடுபடாது. அரைகுறையாக இருந்தாலும் உடனே மேலே சொல்லிவிடுவதைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள். வேலைக்குப் பிறகு நடக்கும் குழு விருந்துக்கு, ஹ்வேசிக்குக்கு, முதல் சில தடவை போய் வாருங்கள். குடிக்கவில்லை என்றால் மரியாதையோடு சொல்லுங்கள், இப்போதைய தலைமுறை வற்புறுத்துவதில்லை.

சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரம், கூடுதலாக 12 மணி நேரம் வரை ஓவர்டைம். 2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வொன். முதல் வருடம் மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு, வருடம் முடிந்தால் 15 நாள்.

பாதுகாப்பு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில் இதே சாங்வோனில் ஓர் ஆலையில், சுத்தம் செய்யும் திரவத்தின் நச்சு ஏறி 16 தொழிலாளர்களின் கல்லீரல் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த கடும் விபத்துத் தண்டனைச் சட்டத்தின் கீழ் முதல் வழக்கே அதுதான். 2024 ஜூனில் ஹ்வாசோங்கில் லித்தியம் பேட்டரி ஆலை எரிந்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டவர். இதைப் படிக்கும் அம்மா அப்பா பயப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. பெரிய கம்பெனிக்குள் பாதுகாப்பு பொதுவாக நன்றாக இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் நிலை உதிரிபாகக் கம்பெனிகளில்தான் ஓட்டை. முதல் நாளே வெளியேறும் கதவு எங்கே என்று நடந்து பாருங்கள். டப்பாவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் புரியும்வரை அந்தத் திரவத்தைத் தொடாதீர்கள். ‘ஆபத்து’, ‘நிறுத்து’, ‘தொடாதே’, ‘மின்சாரம்’ என்பவற்றைக் கொரிய எழுத்தில் கண்டவுடன் படிக்கத் தெரியாமல் மெஷின் முன் நிற்கக்கூடாது. மொழியை இங்கேயே தொடங்குங்கள் என்று நான் மன்றாடுவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான்.

சம்பளம் வராவிட்டால், மிரட்டினால் 1350க்கு அழையுங்கள், அது தொழிலாளர் துறை. விசாச் சந்தேகத்துக்கு 1345. ஆங்கிலத்திலும் பேசலாம். தீ, ஆம்புலன்ஸ் 119, போலீஸ் 112.

எவ்வளவு மிஞ்சும்?

மாதம் 30 லட்சம் வொன் சம்பளம் என்று ஒரு கணக்குப் போடுவோம். மருத்துவக் காப்பீடு 7 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அதில் பாதி உங்களுடையது. ஓய்வூதியம் 2026இல் 9.5 சதவீதம், அதிலும் பாதி. இது ஆண்டுதோறும் ஏறி 2033இல் 13 ஆகும். வரியும் மற்றதும் போக 26 லட்சத்துக்குப் பக்கம் கைக்கு வரும். வாடகையும் பராமரிப்பும் நாலரை லட்சம், சாப்பாடு நாலரை, கைப்பேசியும் பயணமும் ஒன்று, துணிமணியும் மற்றதும் இரண்டு. மீதி 14 லட்சம் வொன், ஏறத்தாழ 85,000 ரூபாய். சியோலில் இதே சம்பளத்துக்கு மீதி எவ்வளவு நிற்கும் என்று வாடகையை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். முதல் வருடம் இந்த அளவு மிஞ்சாது. மெத்தை, குளிர் உடுப்பு, அட்வான்ஸ் என்று போய்விடும். கிளம்பும்போதே அட்வான்ஸ் தவிர்த்து இரண்டு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டைக்கு வந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். அது வரும்வரை வங்கிக் கணக்கு, கைப்பேசி எல்லாமே இழுபடும்.

இந்தியப் பக்கத்தில் இரண்டு வேலை. சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றி, அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள். வேலைக்காக வெளிநாடு போகிற ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் வரிக் கணக்கில் வெளிநாடு வாழ்பவர். செப்டம்பர் இறுதிக்கு முன் கிளம்புவதா, பின்னாலா என்பது இதனால் பணக் கேள்வி ஆகிறது.

குடும்பத்தோடு போகிறவர்கள்

மனைவிக்கோ கணவருக்கோ கிடைக்கும் எஃப்-3 விசாவில் அனுமதி பெறாமல் வேலை செய்ய முடியாது. இங்கே இருவர் சம்பளத்தில் ஓடும் வீடு அங்கே ஒருவர் சம்பளத்துக்கு மாறும். கிளம்பும் முன் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான், விமான டிக்கெட்டை அல்ல. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடம் கொரிய மொழியில். ஆறு ஏழு வயதுக் குழந்தை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப்போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழி வருவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும். ஆங்கில வழி சர்வதேசப் பள்ளி வேண்டுமென்றால் பூசான் பக்கம் தேட வேண்டும், கட்டணம் சேமிப்பையே தின்றுவிடும்.

இலையுதிர்காலத்தில் சாங்வோனில் மாம்ஃப் என்ற குடியேறியோர் திருவிழா நடக்கிறது. 2010இலிருந்து இந்த ஊரில் நடத்துகிறார்கள். பல ஆசிய நாட்டவர் கூடும் இடம், குடும்பத்தோடு போங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கான நட்பு அந்தச் சில நாளில் கிடைக்கும்.

திரும்பும்போது

வருவதற்கு அவசரப்பட்டு உரிமைப் பணத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் முடித்த எவருக்கும் ‘தேஜிக்கும்’ என்ற பணிக்கொடை உண்டு: வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். ஒப்பந்தத்தில் ‘சம்பளத்திலேயே அது சேர்ந்திருக்கிறது’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேள்வி கேளுங்கள். இந்தியாவும் கொரியாவும் போட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. இந்தியக் கம்பெனி அனுப்பி, பி.எஃப். இங்கேயே தொடர்கிறவர் வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் சான்று வாங்கிப் போனால் அங்கே ஓய்வூதியம் பிடிக்க மாட்டார்கள். கொரியக் கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்து ஓய்வூதியம் கட்டியவர், நாட்டை விட்டுக் கிளம்பும்போது தன் பங்கும் முதலாளி பங்கும் சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். அதற்குப் பாஸ்போர்ட், அடையாள அட்டை, விமான டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே சாங்வோனிலுள்ள தேசிய ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைக்கும்முன் இருபுறமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் சென்னைக் கணக்குக்கு வந்து சேரும்வரை அந்த நகலைக் கேட்பார்கள்.